மணலில் எழுதிய விரல்: எழும்பூர், அடையாறு, தி.நகர்

விஜயதசமி அன்று தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்திருப்பீர்கள். நமக்கு இன்று அது ஒரு சடங்கு. ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் எழுத்து கற்றதே அப்படித்தான். படிக்கவும் எழுதவும் திணறும் பிள்ளைகளுக்கு இப்போது தரப்படும் பயிற்சியிலும் அந்த விரலுக்கு வேலை இருக்கிறது. நம் பகுதி வரலாற்றில் இந்த முறை அந்தக் கதை.

1789-ல் எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் அநாதை இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் பொறுப்பாளராக வந்தார். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அதைக் கொண்டுவர நினைத்தார். ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாணவனையே மற்றவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். 1797-ல் இதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது.

அடுத்த காட்சி அடையாறு. 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் மரியா மாண்டிசோரி அங்கே வந்து இறங்கினார். இந்தியாவின் பல பகுதிகளில் இருந்து சுமார் 300 பேர் அவரிடம் பயிற்சி பெறச் சேர்ந்தார்கள். அவர் அடிப்படையில் மருத்துவர். ரோம் நகரில், ‘இவர்களுக்குப் படிப்பு வராது’ என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம்தான் தன் வேலையைத் தொடங்கியவர். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும் என்பது அவர் முறை. கண், காது, விரல் மூன்றும் சேர்ந்து கற்கும்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. பேச்சிலும் விளையாட்டிலும் கெட்டிக்காரனான பிள்ளைக்கு எழுத்து மட்டும் ஏன் வசப்படவில்லை? 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதையும் வாயால் சொல்லித்தந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல்வன் என்றாராம் அவன் ஆசிரியர். அவனால் எளிய சொற்களைக்கூடப் படிக்க முடியவில்லை. 1905-ல் பாரிஸில் பினே தன் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கினார். 1930களில் வி.வி.காமத் அதைக் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்றபடி மாற்றினார். பினே–காமத் சோதனை என்ற பெயரை மதிப்பீட்டு அறிக்கைகளில் நீங்கள் பார்த்திருக்கலாம். ‘கற்றல் குறைபாடு’ என்ற பெயர் பரவியது 1963-க்குப் பிறகு, சாமுவேல் கிர்க் என்ற அமெரிக்கரால்.

நம் ஊரில் 1990களின் தொடக்கத்தில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் உருவானது. தி.நகரில் இயங்கும் இந்த அமைப்பு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. அதன் ‘அனன்யா’ மையத்தில் பிள்ளைகள் சில காலம் முழுநேரமாகப் படித்துவிட்டு வழக்கமான பள்ளிக்கே திரும்புகிறார்கள். அந்தத் திரும்புதல்தான் முக்கியம். பிள்ளையைத் தனியாக நிறுத்தி வைப்பது நோக்கம் அல்ல.

சரி, மதிப்பீட்டில் என்னதான் செய்கிறார்கள்? முதலில் கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பிறகு அறிவுத்திறன் சோதனை. எண்களைச் சொல்லி, நேராகவும் தலைகீழாகவும் திருப்பிச் சொல்லக் கேட்பார்கள். நினைவாற்றல் அதில் தெரியும். கவனம், வேகம், ஒலிகளைப் பிரித்து அறிவது, வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். எங்கே பிள்ளை கெட்டி, எங்கே சறுக்குகிறது என்ற வரைபடம் கையில் கிடைக்கும். பயிற்சி அதை வைத்துத்தான் தொடங்கும்.

தமிழுக்கு என்று தனிச் சிக்கல்களும் உண்டு. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’ என்றால் எழுத்தின் இரு பக்கமும் குறி. ல, ள, ழ வேறு. நமக்குப் பழகிவிட்டது. திணறும் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு படி. சிறப்புக் கல்வி ஆசிரியர் அந்தப் படிகளைப் பிரித்து, மணலிலும் உப்புத்தாளிலும் விரல் வைத்து எழுதவைத்து, ஒலியோடு சேர்த்துப் பழக்குகிறார்.

1995-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடம் இல்லை. 2016-ம் ஆண்டு சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. 2018-ல் வந்த வழிகாட்டு விதிகள், பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைச் சான்றிதழுக்கு அடிப்படையாக வைத்தன. முதல் சான்றிதழுக்கு 8 வயது என்றன. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு அந்தச் சான்றிதழ் உதவும். ஆனால் பயிற்சி தொடங்கச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் குடியிருப்பிலும் மதிப்பெண் அட்டை வரும் மாலைகளில் சில வீடுகளில் குரல் உயர்வது படிக்கட்டு வரை கேட்கிறது. சோம்பேறி, மக்கு என்ற சொற்களும் கேட்கின்றன. ஒரு பிள்ளை அந்தச் சொற்களை நம்பிவிட்டால், எழுத்தைவிட அதைச் சரிசெய்வதுதான் கடினம். அடுத்த முறை குரலை உயர்த்துவதற்கு முன், “எங்கே சிக்குகிறது, காட்டு” என்று கேட்டுப் பாருங்கள். பதில் பிடிபடாவிட்டால், தயங்காமல் மதிப்பீட்டுக்கு அழைத்துப் போங்கள்.