அப்பன் கதை முடியாமல் மகன் கதை இல்லை

இனவரைவியல் என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மாட்களில் பலருக்கு எரிச்சல் வரும். நியாயந்தான். எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் நம் பாட்டன் பாட்டி எப்படி வருகிறார்கள்? மூக்கின் அகலம், மண்டையின் நீளம், சாவுச் சடங்கு, கல்யாணச் சடங்கு. அளக்க வந்தவரைக் கண்டு ஜனங்கள் மிரண்டதையும் அவரே எழுதியிருக்கிறார், வேடிக்கையாக. வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களில் லட்சணமானவர்களைப் பிடித்துப் போய்ப் பாடம் பண்ணி சென்னை மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்று நம்பினார்களாம். அந்தப் பெண்கள் ஒன்றும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்றைக்கு நம் பிள்ளைகளே சேரிக்குள் நுழைந்து கதை கேட்கிறார்கள். வாய்மொழி வரலாறு, களஆய்வு என்று பட்டம் வாங்குகிறார்கள். நல்லது. ஆனால் நம்ம சனம் என்பதாலேயே கதை தானாக வந்து மடியில் விழுந்துவிடுமா? அளக்கப்பட்ட மக்களிலிருந்து வந்து, அளக்கும் கருவியையும் கையில் பிடித்த ஒரு கறுப்புப் பெண்ணின் அனுபவம் இங்கே நமக்கு உதவும். பெயர் ஜோரா நீல் ஹர்ஸ்டன். 1891இல் அலபாமாவில் பிறந்து, புளோரிடாவில் ஈட்டன்வில் என்கிற கறுப்பர்களே ஆண்ட சிற்றூரில் வளர்ந்தவர். நியூயார்க்கில் பர்னார்டு கல்லூரியில் அன்றைக்கு இருந்த ஒரே கறுப்பு மாணவி. மானிடவியல் படித்தது பிரான்ஸ் போவாஸிடம். 1926இல் ஹார்லெம் வீதியில் நின்று, போகிற வருகிற கறுப்பர்களை நிறுத்தி இடுக்கிக் கருவியால் மண்டையை அளந்தார். போவாஸின் நோக்கம் நிறவெறியர்களின் மண்டைக் கணக்கைப் பொய்யாக்குவது. தர்ஸ்டன் வகையறாவின் நோக்கம் வேறு. ஆனாலும் கருவி ஒன்றேதான்.

1927இல் கதை சேகரிக்கத் தெற்கே அனுப்பப்பட்டார். சொந்த மண், சொந்த சனம். ஆனால் வாயைத் திறந்தால் கல்லூரிப் பேச்சு. ஐயா உங்களுக்கு நாட்டுப்புறக் கதை ஏதும் தெரியுமா என்கிற பாணியில் கேட்டால் யார் சொல்வார்கள்? அதெல்லாம் பக்கத்து ஜில்லாவுல இருக்கும்மா என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு கைக்கு வந்தது சொற்பம். அந்த வருஷம் அவர் பெயரில் அச்சான, ஒரு முதியவரின் கதையைச் சொல்லும் கட்டுரையில் பெரும்பகுதி எம்மா ரோச் என்ற வெள்ளைக்காரப் பெண் 1914இல் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்தது. 1972இல்தான் இது வெளியே வந்தது. ஹர்ஸ்டனின் அபிமானிகள் இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள். நாம் கட்டாயம் பேச வேண்டும். ஆளிடம் உட்கார்ந்து கேட்க நேரமில்லாமல், ஏற்கெனவே எழுதி வைத்ததை எடுத்து நிரப்புகிற வேலை நம் ஆய்வேடுகளிலும் நடக்கத்தானே செய்கிறது?

அந்த முதியவர் பெயர் கொசோலா. மேற்கு ஆப்பிரிக்காவில், தகோமி ராஜாவின் படை அவர் ஊரை விடியற்காலையில் வளைத்து, வெட்டியது போக மிச்சப் பேரைப் பிடித்துக்கொண்டு போனது. அப்போது அவருக்கு வயது 19. கடற்கரைக் கொட்டடியில் அடைத்து வெள்ளைக்காரனுக்கு விற்றார்கள். அமெரிக்கா அடிமை இறக்குமதியைத் தடை செய்தது 1808இல். 1860இல் அலபாமாவின் மொபீல் நகரத்துக்குத் திருட்டுத்தனமாக வந்த கிளோடில்டா கப்பலில் ஏறத்தாழ 110 பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் இவர். இறக்கியதும் தடயம் தெரியாமல் கப்பலைக் கொளுத்திவிட்டார்கள். (அதன் மிச்சம் ஆற்றுக்குள் கிடப்பது 2019இல் உறுதியானது.) எசமானன் வாயில் கொசோலா நுழையவில்லை, கட்ஜோ ஆனார். அஞ்சரை வருஷ அடிமை வேலைக்குப் பிறகு 1865இல் விடுதலை. ஊருக்குத் திரும்பக் காசில்லை. எங்களைக் கொண்டுவந்தவன் நீதானே, கொஞ்சம் நிலம் கொடு என்று மீகர் என்கிற அந்தக் கப்பல் முதலாளியிடம் கேட்டார்கள். அவன் மறுத்தான். கூலி வேலை பார்த்துச் சேர்த்த காசைக் கொடுத்து நிலத்தை விலைக்கு வாங்கி ஆப்பிரிக்கடவுன் என்று ஊரைக் கட்டினார்கள். பஞ்சமி நிலத்துக்காக மல்லுக்கட்டுகிற நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஹர்ஸ்டன் இவரிடம் மறுபடியும் போனார். இந்தத் தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஆப்பிரிக்கப் பெயரை. கிழவர் அழுதுவிட்டார். அந்தப் பெயரால் கூப்பிட அப்போது வேறு ஆளே கிடையாது. மனைவியும் போய், பெற்ற ஆறும் போய்விட்டன. கூடையில் பீச் பழம் கொண்டு போனார். தர்பூசணி கொண்டு போய் ரெண்டு பேருமாகத் தின்றார்கள். கிழவர் மாதாகோயில் பார்த்துக்கொள்கிறவர், கூடவே பெருக்கிக் கொடுத்தார். இன்னிக்குப் பேச முடியாது, தோட்டத்துல வேலை கெடக்கு போ என்று அவர் திருப்பி அனுப்பிய நாட்களும் உண்டு. அந்த நாட்களையும் ஹர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார். நம் ஆய்வாளர்கள் இதைத்தான் முதலில் வெட்டி எறிவார்கள்.

உன் கதையைச் சொல்லு என்று கேட்டால் கொசோலா தாத்தா கதையை ஆரம்பிக்கிறார். கேட்கிறவருக்குப் பொறுமை போகிறது, இடைமறிக்கிறார். கொசோலாவுக்குக் கோபம். அப்பனைச் சொல்லாமல் மகனைச் சொல்கிற வழக்கம் எங்க மண்ணில் இல்லை என்கிறார். இது வெறும் கிழட்டுப் பிடிவாதம் இல்லை. தனக்குச் சொந்தமாக ஒரு கதைசொல்லும் முறை இருக்கிறது என்கிற உரிமைக்குரல். பிறந்த தேதி, தொழில், அனுபவித்த கொடுமை என்று நாம் கொண்டு போகிற கேள்வித்தாளுக்குள் அது அடங்காது. புகைப்படம் எடுக்கும்போதும் அப்படித்தான். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார், ஆப்பிரிக்காவில் நிற்கிற மாதிரி. நின்ற இடம் தன் குடும்பத்தைப் புதைத்த கல்லறை மேடு. இந்தக் கதை எதற்கு என்பதிலும் அவருக்கு ஒரு தீர்மானம் இருந்தது: என்றைக்காவது தன் ஊருக்கு இது போய்ச் சேரணும், யாராவது ஒருத்தர், அட இவனை எனக்குத் தெரியுமே என்று சொல்லணும்.

கொசோலா பேசின இங்கிலீஷ் இலக்கண இங்கிலீஷ் இல்லை. அதை அப்படியே எழுதினார் ஹர்ஸ்டன். 1931இல் வைக்கிங் பதிப்பகம், இந்தக் கொச்சையை விட்டுவிட்டு ஒழுங்கான மொழியில் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றது. அவர் மாற்றவில்லை. புத்தகம் வரவில்லை. 'பாராகூன்' என்ற அந்தக் கையெழுத்துப்படி அச்சானது 2018இல், 87 வருஷம் கழித்து. கொசோலா 1935இலும் ஹர்ஸ்டன் 1960இலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது இதெல்லாம் ஒரு தமிழா என்று மூக்கைப் பொத்தியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பாண்டிச்சேரிப் பக்கத்து வீரம்மா தன் வாழ்க்கையைச் சொன்னது தமிழில். அது புத்தகமானது 1995இல் பிரெஞ்சில், பிறகு 1997இல் ஆங்கிலத்தில். கதை எந்த வாயிலிருந்து வந்ததோ அந்த வாய்க்காரர்கள் படிக்கிற மாதிரி முதலில் வரணும் என்று நாம் கேட்பது பெரிய ஆசையா?

பணம் பற்றியும் பேசணும். 1927 டிசம்பரில் சார்லட் மேசன் என்ற பணக்கார வெள்ளைக்காரச் சீமாட்டியோடு ஹர்ஸ்டன் ஒப்பந்தம் போட்டார். மாதம் 200 டாலர். சேகரித்ததெல்லாம் சீமாட்டியின் சொத்து, அவர் அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது. பண்டு வாங்கி சேரிக் கதை சேகரிக்கும் தொண்டு நிறுவனத் தோழர்கள் கையெழுத்துப் போட்ட தாளை இன்னொரு தடவை எடுத்துப் படிக்கலாம்.

கொசோலா சொன்னதில் ஹர்ஸ்டனுக்குத் தொண்டையில் சிக்கிய முள் ஒன்று உண்டு. பிடித்து விற்றவர்களும் கறுப்பர்களே. வெள்ளையன் ஏமாற்றிக் கப்பலேற்றினான் என்று கேட்டு வளர்ந்த பெண் அவர். இயக்கத்துக்கு இது அசௌகரியமான சேதி, ஆனாலும் அதை மறைக்கவில்லை. அதனால் வாங்கினவனின் குற்றத்தில் ஒரு குந்துமணி குறைந்ததாகவும் எழுதவில்லை. 1994இல் 'சங்கதி'யில் நம் வீட்டு ஆம்பிளைகளின் அடி உதையைப் பெண்கள் பேசியபோது, இதையெல்லாம் வெளியில சொல்லணுமா என்று முனகியவர்களும் நாம்தான்.

1928இல் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸுக்கு எழுதிய கடிதத்தில் ஹர்ஸ்டன் இன்னொரு சேதி சொல்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் இன்னொருவரைக் கண்டுபிடித்துவிட்டாராம். கொசோலாவைவிட வயதில் மூத்த பெண். அவரைவிட நன்றாகப் பேசுகிறவளும்கூட. ஆனால் இது நமக்குள்ளேயே இருக்கட்டும் என்கிறார். பெயர் எழுதவில்லை. அது ரெடோஷி என்ற பெண்ணாக இருக்கலாம் என்று 2019இல் ஹன்னா டர்கின் என்ற ஆய்வாளர் எழுதினார். சிறுமியாக இருந்தபோதே பிடிபட்டு, அதே கிளோடில்டாவில் வந்து, 1937இல் அலபாமாவில் இறந்தவர். நன்றாகப் பேசின அந்தக் கிழவி பேசியது என்ன என்று ஹர்ஸ்டன் ஒரு புத்தகத்திலும் எழுதவில்லை.