வழிபாட்டு இசையும் சாதி வழக்கும்: தஞ்சைத் திருச்சபையின் முறையீடு (1829)

முன்னுரை

தமிழ்க் கிறித்தவத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் பலரும் அச்சு, அகராதி, உரைநடை ஆகியவற்றின் வளர்ச்சியை விரிவாக எடுத்துரைத்துள்ளனர். சபையார் எம்மொழியில், எவ்விசையில், யாருடன் அமர்ந்து இறைவனை வேண்டினர் என்பதும் ஆராயத்தக்கதே. இவை மூன்றும் ஒருங்கே வழக்கிற்கு வந்த இடம் தஞ்சாவூர். அங்கு 1829ஆம் ஆண்டில் எழுந்த முறையீட்டின் இயல்பையும் விளைவையும் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஞானப்பாட்டும் கீர்த்தனையும்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கிச் சபையில் பாடச் செய்தார். பின்வந்த பப்ரிசியுஸ் (1711–1791) அப்பணியை மேலும் வளர்த்தார். இப்பாடல்களில் மெட்டு முன்னரே அமைந்தது. சொல் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. இதனால் குறில் நிற்குமிடத்தில் இசை நீள்வதும், நெடில் வருமிடத்தில் குறுகுவதும் நேர்ந்தன.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இந்நிலையை மாற்றினார். திருநெல்வேலிப் பகுதியில் பிறந்து, சுவார்ட்சு ஐயரால் தஞ்சையில் வளர்க்கப்பட்ட இவர், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில் வேண்டுதலை வடித்தார். தம் பெத்லகேம் குறவஞ்சியில், குறவஞ்சி மரபின் தலைவியைத் திருச்சபையாகவும் தலைவனைக் கிறிஸ்துவாகவும் அமைத்தார். மக்கள் அறிந்த இலக்கிய வடிவமே இறைவேண்டலின் வடிவமும் ஆயிற்று எனலாம்.

முறையீட்டின் நான்கு குறைகள்

புதிதாக வந்த மிஷனரிமார் மீது சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்த வேளாளக் கிறித்தவரும் நான்கு குறைகளை முன்வைத்தனர். பப்ரிசியுஸின் வேதாகம மொழிபெயர்ப்பை இரேனியுஸ் ஐயர் முதலானோர் திருத்த முற்பட்டது ஒன்று. வெவ்வேறு சாதியாரை ஆலயத்தில் ஒன்றாக அமரச் செய்தது மற்றொன்று. திருமணம் முதலிய சடங்குகளில் மலர்களை விலக்கியதும், வழிபாட்டிலிருந்து தமிழ் இசைப் பாடல்களை நீக்கியதும் ஏனையவை.

இந்நான்கும் ஒரே நிரலில் வைக்கப்பட்டமை நோக்கத்தக்கது. மொழி, இசை, மலர் ஆகியவற்றுடன் சாதி இருக்கையும் முன்னோர் காத்த சபை மரபாகவே முறையிட்டோருக்குத் தோன்றியது. முந்தைய மிஷனரிமார் இவற்றை அனுமதித்தனர் என்பதே அவர்தம் வாதம். ஆயின் அதே ஆலயத்தில் ஒதுங்கி அமர்ந்த ஒடுக்கப்பட்ட சமூகத்தினரின் குரல் இம்முறையீட்டில் இடம்பெறவில்லை. அந்நியரின் அதிகாரத்திற்கு எதிரான குரலே உள்ளூர் அதிகாரத்தைக் காக்கும் குரலாகவும் ஒலித்தது. சாஸ்திரியாரைப் போற்றுவோர் முதற்கூற்றையும், அவரைக் குறைகூறுவோர் இரண்டாவதையும் மட்டும் எடுத்துரைப்பது வரலாற்றை முழுமையாகக் காட்டாது.

பின்விளைவு

1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடுகளைத் திருச்சபையினின்று அறவே விலக்குமாறு ஆணையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டு விலகினர். சாதியும் கீர்த்தனையும் பிரிக்க இயலாதவை என அக்காலத்தார் எண்ணியிருக்கக்கூடும். மதுரை நிகழ்வுகள் அதற்கு மாறாக அமைந்தன.

அமெரிக்க மதுரை மிஷன் 1847இல் சாதி துறத்தலைச் சபை உறுப்புரிமைக்குக் கட்டாயமாக்கி, உடனுண்டலை அதற்குச் சான்றாகக் கேட்டது. அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், 1853இல் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அத்தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் பெரும்பங்கு வகித்தன. முறையீட்டாளர் ஒன்றாகக் கட்டிய இரண்டை இத்தொகுப்பு பிரித்துவிட்டது. பாடல் ஏற்கப்பட்டது, இருக்கை வேறுபாடு மறுக்கப்பட்டது.

முடிவுரை

தாய்மொழி இசையில் இறைவனை வேண்டும் உரிமைக்குச் சாதி அடித்தளமன்று என்பதை மேற்கண்ட நிகழ்வுகள் உணர்த்துகின்றன. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ் வழிபாட்டில் பாமாலையும் கீர்த்தனையும் பாடப்படுகின்றன. 1829இல் கோரப்பட்ட இசை நிலைபெற்றுவிட்டது. ஆயினும் கல்லறைத் தோட்டங்கள் வரை சாதிப் பிரிவினை தொடரும் ஊர்கள் உண்டு. எனவே தமிழ்க் கிறித்தவ இசை வரலாற்றை எழுதுவோர், அப்பாடலை உடன் அமர்ந்து பாட இடம் மறுக்கப்பட்டோரையும் அவ்வரலாற்றில் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.