லொரெல்லாவும் ரொடெரிகோவும்

1955 ஜனவரி 26 அன்று, ஐஸ்லாந்தின் வடமேற்கு முனைக்கு அப்பால் ஏறக்குறைய 90 மைல் தொலைவில், இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்து நீராவி இழுவலை மீன்பிடிக் கப்பல்கள் இரண்டு கவிழ்ந்தன. லொரெல்லாவில் 20 பேர், ரொடெரிகோவில் 20 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. கப்பல் முழுகிய சேதி வந்தால் உளுத்துப்போன கலமாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். இங்கே அதற்கு இடமில்லை. லொரெல்லா 1947இலும் ரொடெரிகோ 1950இலும் கட்டியவை. ஏறத்தாழ மூன்று வாரம் தொலைதூர வடக்குக் கடல்களில் மடி இழுத்து, ஹல்லில் மீனை இறக்கி, இரண்டு மூன்று நாளில் மறுபடி புறப்படுவது அவற்றின் பிழைப்பு. கப்பல் துறையில் நின்றால் முதலாளிக்கு நஷ்டம். பிடிபடும் மீனை ஒட்டியே ஊதியம் என்பதால் ஆட்களுக்கும் நஷ்டம். குளிர்காலத்திலும் ஓய்வு கிடையாது.

வேறொரு ஹல் கப்பலான கிங்ஸ்டன் கார்னெட்டின் சுழலியில் வடம் சிக்கிக்கொள்ள, உதவிக்குப் போனவை இவை. அந்தக் கப்பல் தானாகவே விடுபட்டுத் தப்பியது. தேடிப்போனவை புயலில் மாட்டிக்கொண்டன. கடுங்குளிரில் தெறித்த கடல்நீர் கம்பம், வடம், வானொலிக் கம்பி என்று பட்ட இடத்திலெல்லாம் உறைந்தது. உறைபனியைக் கோடரியால் வெட்டித் தள்ளத் தள்ள அதைவிட வேகமாகப் படிந்தது. பாரம் உச்சியில் ஏறினால், சாய்ந்த கப்பல் நிமிர்வதற்கான பலம் குறைந்துகொண்டே போகும். 559 டன் லொரெல்லா பிற்பகல் இரண்டரை மணியளவில் சாய்ந்தது. 810 டன் ரொடெரிகோ ஐந்து மணி கடந்து சாய்ந்தது. பெரிய கலத்துக்குக் கிடைத்த கூடுதல் அவகாசம் அவ்வளவுதான். உடம்பு பெரிதாக இருப்பது காப்பாற்றாது, மேலே உள்ள கம்பமும் கம்பியும்தான் கணக்கு என்று நான் சொல்வதற்கு இதுவே சான்று.

திரும்பி ஓடியிருக்கலாமே என்று கேட்கலாம். திரும்ப வேண்டுமானால் புயலுக்கு விலாவைக் காட்டவேண்டும். உச்சி கனத்த கப்பலுக்கு அதுவே சாவு. அதனால்தான் காற்றை எதிர்த்தே நின்றார்கள். 1952இல் ஐஸ்லாந்து மீன்பிடி எல்லையை நான்கு மைலாக விரித்ததால் கரையோரம் ஒதுங்க முடியாமல் போனது என்று பிரிட்டனில் சிலர் பழி சொன்னார்கள். 90 மைலுக்கு அப்பால் நடந்ததற்கு நான்கு மைல் கோட்டைக் குற்றம் சாட்டுவது அரசியல், காரணம் ஆகாது. விசாரணை மன்றமோ கப்பல்கள் கடலுக்குத் தகுதியானவை, பனிப் பாரமே கவிழ்த்தது என்று கண்டது. அது சரியே. ஆனால் அபூர்வமான சேர்க்கை என்று அதைக் கருதிய இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. புயலும் உறைகுளிரும் சேர்வது அந்தக் கடலில் ஜனவரியின் இயல்பு. பிறகு மாதிரிக் கப்பல்களை வைத்து உறைபனிச் சோதனை நடந்தது உண்மை. ஆனாலும் பழைய கம்பங்களோடு, பழைய கால அட்டவணையோடு கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.

1968 ஜனவரி, பிப்ரவரியில் ஹல் மூன்று கப்பல்களையும் 58 பேரையும் இழந்தது. அவற்றில் ராஸ் கிளீவ்லாந்து, பனி கனத்து, புயலுக்கு ஒதுங்கிய ஐஸ்லாந்து ஃபியோர்டிலேயே கவிழ்ந்தது. லிலியன் பிலோக்கா தலைமையில் ஹல்லின் மீனவர் பகுதியான ஹெசில் ரோட்டுப் பெண்கள் லண்டன் சென்று அமைச்சர்களிடம் முறையிட்ட பின்னர்தான் அரசு அசைந்தது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த குளிர்காலத்தில் ஓர்சினோ என்ற கப்பல், வானிலை எச்சரிக்கையும் மருத்துவ உதவியும் தரும் துணைக்கலமாக ஐஸ்லாந்துக் கடலுக்கு அனுப்பப்பட்டது. அது 1955லேயே போயிருக்க வேண்டும்.