அரக்கோணம் ஷெட்டும் மூணு ஃபேஸ் மோட்டாரும்

அரக்கோணம் ஸ்டேஷனில் நின்னு ரயில் பார்க்கிற பழக்கம் உள்ளவங்க, சத்தத்தை வச்சே எஞ்சினைச் சொல்லிடுவாங்க. இங்கே ஷெட்டில் இருந்த பழைய டபிள்யூஏஎம்-4 படிப்படியாக வேகம் பிடிக்கும். டபிள்யூஏஜி-9 கிளம்பும்போது சுருதி ஏறுகிற மாதிரி ஒரு ரீங்காரம். இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது.

பழைய எஞ்சின்களில் இருந்தது டிசி மோட்டார். அதில் கார்பன் பிரஷ் தேயும், கம்யூட்டேட்டரைக் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். மூணு ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டாரில் பிரஷ்ஷே கிடையாது. பிரேக் போட்டால் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தை மேல்கம்பிக்குத் திருப்பி அனுப்பும். ஆனால் அதன் வேகத்தை மாற்ற மின்சாரத்தின் ஃப்ரீக்வென்ஸியையே மாற்றணும். அதுக்குப் பெரிய கன்வெர்ட்டரும் கன்ட்ரோல் சாஃப்ட்வேரும் வேணும்.

1993 ஜூலையில் ரயில்வே ஏபிபி நிறுவனத்தோடு 33 எஞ்சின்களுக்கு ஒப்பந்தம் போட்டது. அதில் முக்கியமானது எண்ணிக்கை இல்லை; தொழில்நுட்பத்தையும் சித்தரஞ்சன் தொழிற்சாலைக்குக் கொடுக்கணும் என்ற நிபந்தனைதான். எங்க பாஷையில் சொன்னால், எக்ஸிக்யூட்டபிள் மட்டும் இல்லை, சோர்ஸ் கோடும் சேர்த்து.

1998 நவம்பரில் சித்தரஞ்சனின் முதல் டபிள்யூஏஜி-9 வெளிவந்தது. 2000-இல் அதன் கியர் விகிதத்தை மாற்றி, பயணிகள் ரயிலுக்கான டபிள்யூஏபி-7-ஐ அவங்களே உருவாக்கினாங்க. வாங்கிய டிசைனைத் திருத்தத் தெரிந்தால்தான் அது நம்முடையது.

இப்போ அதே கேள்வி பஸ்ஸுக்கும் லாரிக்கும் வந்திருக்கு. அசோக் லேலண்ட் 2016-இல் 'சர்க்யூட்' மின்சார பஸ்ஸை அறிமுகப்படுத்தியது. 2017-இல் பேட்டரி மாற்றும் முறைக்காக சன் மொபிலிட்டியோடு கூட்டுச் சேர்ந்தது. பேட்டரியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் பற்றிக் குறைவாகத்தான் பேசுகிறோம். 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோதுதான், பல மின்வண்டிகளின் மோட்டார் அந்தக் காந்தத்தை நம்பி இருப்பது பலருக்கும் உறைத்தது.

டபிள்யூஏஜி-9-இன் இண்டக்‌ஷன் மோட்டாரில் காந்தமே இல்லை. அதையே பஸ்ஸில் வைக்கலாம் என்று சொல்ல வரவில்லை. அங்கே எடையும் இடமும் வேற கணக்கு. அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் எத்தனை மோட்டார் வருது என்பதோடு, டிசைனைத் திருத்தும் உரிமை யாருக்கு என்பதையும் கேட்கணும். 1993-இல் கேட்டதன் பலன்தான் தினமும் அரக்கோணம் வழியா ஓடுது.