டிரசர் ஐயாவும் மருந்துச் சன்னலும்

பொழுது புலருமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கங்காணி பெயர் கூப்பிடுவார், ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், வரிசையின் ஓரத்தில் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளரான டிரசர் கொய்னா மருந்தோடு காத்திருப்பார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் மலேரியா ஆளைத் தின்றுகொண்டிருந்த காலத்துக் காட்சி இது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் மருந்து பாதி வழியிலேயே புதருக்குள் போய்விடும் என்று நிர்வாகத்துக்குத் தெரியும். ஆகவே கண்முன்னே விழுங்கவேண்டும். கசப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். நாலு நாள் தொடர்ந்து விழுங்கினால் காதுக்குள் குய்யென்று இரைச்சல் கிளம்பும், தலை கிறுகிறுக்கும். காய்ச்சலே இல்லாதவனுக்கு எதற்கு இந்தக் கண்றாவி என்று யாராவது கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வெள்ளைக்கார டாக்டர் அங்கே இருக்கமாட்டார். டிரசர்தான் சொல்லியாகவேண்டும்.

இன்றைய பார்மசி மாணவர்கள், நோயாளியிடம் மருந்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதைத் தனிப் பாடமாகப் படித்து, பயின்று, தேர்வெழுதித் தேறுகிறார்கள். பாடத்திட்டம் ஏதும் இல்லாமல் அந்த வேலையைச் செய்தவர் தோட்டத்து டிரசர். அவர் எப்படிக் கற்றார், எதைக் கற்கவில்லை என்பது பார்மசி வரலாற்று நூல்களில் அதிகம் இடம்பெறாத கதை.

மலாயாவின் மலாக்கா மாநிலத்தில் ரப்பர் 1896இல் தொடங்கியது. டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் நாற்பது ஏக்கரில் கன்று நட்ட ஆண்டு அது. அடுத்த இருபது ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பால்மரம் பரவியது. வடக்கே அலோர் காஜா வட்டாரத்திலும் சுங்கை பாரு, கெமுனிங் போன்ற தோட்டங்கள் எழுந்தன. கப்பலேறி வந்த தமிழர்கள் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் குடியமர்ந்தார்கள்.

காட்டை வெட்டியதும் காய்ச்சல் வந்தது. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து நோயை அடக்கினார். குன்றுப் பகுதிகளில் அந்த வித்தை பலிக்கவில்லை. மரம் விழுந்து வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில்தான் அங்கத்துக் கொசு முட்டையிட்டது. ஓடையில் எண்ணெய் தெளிப்பதும் ஆளுக்குக் கொய்னா கொடுப்பதும் சேர்ந்தே நடந்தன. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். ஒருவர் பல தோட்டங்களைச் சுற்றுவார். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி டிரசர் கையில். புண் கழுவுவது, பிரசவத்துக்கு ஓடுவது, தேள் கொட்டுக்கு மருந்து போடுவது எல்லாம் அவர்தான்.

டிரசர்களில் யாழ்ப்பாணத்தார் உண்டு, மலையாளிகள் உண்டு, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு இதில் ஒரு முன்கதை இருக்கிறது. 1847இல் அங்கே வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் ஆங்கிலத்தில் தொடங்கிய மருத்துவ வகுப்பை 1860களில் தமிழுக்கு மாற்றினார். ரசாயனம், உடற்கூறு, பிரசவம் என்று ஒவ்வொன்றுக்கும் தமிழில் நூல் செய்தார். பாடம் பாதி, ஆஸ்பத்திரி மீதி. நோயாளியின் பக்கத்தில் நின்று அவன் பேசும் மொழியிலேயே கற்றவர்கள் அவருடைய மாணவர்கள். அந்த வழிமுறை நேராக மலாயாவுக்குக் கப்பலேறியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தமிழில் மருந்து பேசலாம் என்பது ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரிகள் தோன்றுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே நடந்துகாட்டிய காரியம்.

தோட்டத்துப் பயிற்சி வேறு மாதிரி. கூடவே நின்று பழகும் எடுபிடி வேலைதான் கல்லூரி. பையன் முதலில் போத்தல் கழுவுவான், கட்டுத்துணி சுற்றுவான். பிறகு தராசு, அளவுக் குவளை, உரல். வயிற்றுக்கு வெள்ளை மிக்சர், இருமலுக்கு ஒன்று, சொறிக்கு நீல மருந்து, புண்ணுக்கு மஞ்சள் தண்ணீர். நோயாளி தன் வீட்டுப் போத்தலைக் கொண்டுவருவார். அதில் மிக்சரை ஊற்றி, காகிதத்தை ஓரத்தில் படிப்படியாக வெட்டிப் போத்தலின் பக்கவாட்டில் ஒட்டுவார்கள். ஒரு படி ஒரு வேளை. எழுத்தறியாதவரும் அந்த வெட்டைப் பார்த்து இன்றைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று கண்டுகொள்வார். “ஆட்டிக் குடி, வெறும் வயித்துல குடிக்காதே” என்பதோடு விளக்கம் முடிந்தது. பையன் இதையெல்லாம் காதால் கேட்டுக் கேட்டே படித்தான். பல வருஷம் கழித்து டிரசர் இல்லாத ஒரு நாளில் அவனே சன்னலில் நிற்பான்.

கொக்கிப்புழு மருந்துதான் அந்தக் காலத்தில் கடினமான பாடம். 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் குழு ஒன்று மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் இந்தப் புழுவை ஆராய்ந்தது. கீனோபோடியம் என்ற எண்ணெய்தான் அப்போது மருந்து. எண்ணெய் உள்ளே போன பிறகு பேதி உப்பும் போகவேண்டும். அளவு கூடினால் மயக்கம் வரும், செவிப்புலன் கெடும். இன்ன நேரத்தில் இதைச் சாப்பிடு, இன்ன நேரத்தில் சாப்பிடாதே, தலை சுற்றினால் உடனே வந்து சொல் என்று ஒவ்வொருவரிடமும் பேசினாலொழிய அதைக் கொடுக்க முடியாது. ‘மருந்து ஆலோசனை’ என்ற பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே வேலை அப்படித்தான் நடந்தது.

டிரசரைத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. இன்றைக்கு வேலைக்குப் போகலாமா, கூடாதா என்பது அவர் வாயில் இருந்தது. அவருக்குச் சம்பளம் தோட்டத்திலிருந்து. காய்ச்சல்காரனுக்கு அவர் சொன்ன ஒவ்வொரு புத்திமதிக்குப் பின்னாலும் நாளைக்கு மரம் சீவ ஆள் வேண்டும் என்ற கணக்கு நின்றது. “டிரசர் ஐயா சொல்லிட்டாரு” என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. நோயாளி என்ன நினைக்கிறான், ஏன் மருந்தைப் பாதியில் நிறுத்தினான் என்று கேட்க அந்த ஏற்பாட்டில் இடமே கிடையாது. அவரிடம் இருந்த பெரிய பலம் வேறு. அவரும் அதே தோட்டத்தில் குடியிருந்தார். எந்த வீட்டில் யார் எத்தனை மணிக்குப் பசியாறுவார்கள், யார் சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போவார்கள் என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சட்டம் பின்னால் வந்தது. தோட்ட மருத்துவ உதவியாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 1965இல் சட்டம் போட்டார்கள். ஆனால் அதற்குள் தோட்டங்களே கரையத் தொடங்கியிருந்தன. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டுபோடப்பட்டதையும் அதனால் தொழிலாளர் பட்ட பாட்டையும் அரசுக்காகப் பொருளியலாளர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்தார். 1960இல் அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்கும் அந்தத் துண்டாடல்தான் காரணம். நூறு ஏக்கர் துண்டுக்கு யார் ஆஸ்பத்திரி நடத்துவார்கள்? பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து மக்கள் பட்டணத்தில் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

இதே காலத்தில் பட்டம் பெற்ற மருந்தாளர் என்ற இன்னொரு ஆள் வேறு பாதையில் வந்துகொண்டிருந்தார். சிங்கப்பூரில் 1905இல் திறந்த மருத்துவப் பள்ளியில் அவருடைய வம்சம் தொடங்குகிறது. மலாயாவில் மருந்தாளர் பதிவுச் சட்டம் 1951இல் வந்தது. மலேசிய மண்ணில் முதல் பார்மசிப் பட்டப்படிப்பு பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1972இல் தொடங்கியது. இவருக்கு ரசாயனம் தெரியும், கலவை தெரியும், சட்டம் தெரியும். நோயாளியோடு பேசுவது மட்டும் பழக்கமில்லை. மலேசியாவில் மட்டும் அப்படி என்று நினைக்கவேண்டாம். மருந்துச்சீட்டில் உள்ள மருந்தின் குணத்தையோ கலவையையோ நோயாளியிடம் பேசக்கூடாது என்று அமெரிக்க மருந்தாளர் சங்கத்தின் 1952ஆம் ஆண்டு நெறிமுறையே சொன்னது. டாக்டரின் அதிகாரத்தில் மூக்கை நுழைப்பதாகிவிடுமாம்! அதே அமெரிக்காவில் 1990இல் ஒரு சட்டம் போட்டு, ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் மருந்து வாங்குவோரிடம் விளக்கம் வேண்டுமா என்று மருந்தாளர் கேட்டே ஆகவேண்டும் என்றார்கள்.

மலேசியாவில் வேறொரு சிக்கலும் உண்டு. 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம், டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கலாம் என்று விட்டுவைத்தது. இன்றும் அலோர் காஜா கடைத்தெருவில் தனியார் கிளினிக்குக்குப் போனால் சீட்டு வாங்கிக்கொண்டு வேறு கடைக்கு நடக்க வேண்டியதில்லை. முன்மேசையிலேயே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். மக்களுக்கு வசதிதான், மறுக்க முடியாது. ஆனால் மருந்தாளரும் நோயாளியும் முகம் பார்த்துப் பேசும் இடம் பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரியின் மருந்துச் சன்னலாகக் குறுகிப்போனது.

அந்தச் சன்னலுக்குப் பயிற்சி கொடுக்கும் முறையை மருத்துவக் கல்வியிடமிருந்து கடன் வாங்கினார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் 1975இல் ‘ஆஸ்கி’ என்ற தேர்வு முறையை அறிமுகப்படுத்தினார். மாணவர் அறை அறையாகப் போகவேண்டும். ஒவ்வோர் அறையிலும் ஒரு வேலை, சில நிமிடம், மதிப்பெண் போட ஒருவர். சில அறைகளில் நோயாளியாக நடிப்பவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். இன்று உலகெங்கும் பார்மசிக் கல்லூரிகளில் இந்தத் தேர்வு சர்வசாதாரணம்.

இன்சுலின் பேனா வைத்திருக்கும் அறையை எடுத்துக்கொள்வோம். புது ஊசி மாட்டவேண்டும், இரண்டு யூனிட் திருப்பி ஒரு சொட்டு வருகிறதா என்று பார்க்கவேண்டும், அதன் பிறகு டாக்டர் சொன்ன அளவைத் திருப்பி, வயிற்றில் குத்தி, பொத்தானை முழுக்க அழுத்தி, பத்து வரை எண்ணிவிட்டு எடுக்கவேண்டும். மாணவர் இதை மனப்பாடமாக ஒப்பிப்பார். நோயாளியாக நடிப்பவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருப்பார். தேர்வு அந்தத் தலையாட்டலில் இருக்கிறது. “இப்ப நீங்களே ஒரு தடவை செஞ்சு காட்டுங்கம்மா” என்று பேனாவை அவர் கையில் கொடுத்த மாணவருக்குத்தான் மதிப்பெண். கொடுத்ததும் தெரியும்: பொத்தானை அழுத்திய மறுகணமே ஊசியை உருவிவிடுவார், மருந்து தோலில் சொட்டும். ஆஸ்துமா இன்ஹேலரிலும் இதே கதைதான். மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பிறகு பத்து விநாடி அடக்கவேண்டும். எத்தனையோ வருஷமாக அதைப் பயன்படுத்துகிறவர்கள்கூட அழுத்திய பிறகுதான் இழுக்கிறார்கள்.

மலேசிய இந்தியர் காங்கிரஸின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. 2001இல் கெடாவில் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் பார்மசிப் புலம் இருக்கிறது. தோட்டப் பாட்டாளியின் பேரப்பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுப் போட்டு இதைப் படிக்கும் காலம் வந்தது. பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு பயிற்சி மருந்தாளராக இருந்தால்தான் முழுப் பதிவு. கையில் ஒரு பதிவேடு. வெளிநோயாளர் சன்னல், வார்டு, எத்தனை பேருக்கு விளக்கம் சொன்னார் என்பதெல்லாம் அதில் ஏறி, மூத்தவர் கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் காலத்துப் பையன் போத்தல் கழுவியதைப் போலவே இதுவும் நின்று பழகும் படிப்பு. ஆனால் இங்கே பிழை செய்தால் உடனே திருத்த ஆள் இருக்கிறார்.

இந்தப் படிப்பு யாருக்கு வேண்டும் என்பதை எண்களே சொல்லும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மலேரியாவுக்குப் பெரட்டில் வரிசை நின்றவர்களின் வாரிசுகள் இப்போது சர்க்கரைக்காக மஸ்ஜித் தானாவிலும் அலோர் காஜாவிலும் எண் அட்டையோடு காத்திருக்கிறார்கள். மருந்துப் பொட்டலத்தில் மலாயில் எழுதியிருக்கும்: சத்து பிஜி, டுவா காலி செஹாரி, செலெபாஸ் மாக்கான். ஒரு மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு. விடியற்காலையில் வெறும் கோப்பியோடு வேலைக்குப் புறப்பட்டு, பத்தரைக்குப் பசியாறி, இரண்டு மணிக்குச் சோறு தின்னும் ஆளுக்கு எது முதல் சாப்பாடு? டிரசருக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்காது. தாமானில் குடியிருப்பவரை முதன்முறையாகப் பார்க்கும் இளம் மருந்தாளர் கேட்டுத்தான் ஆகவேண்டும்: “எத்தனை மணிக்குப் பசியாறுவீங்க அண்ணே?”

சுகாதார அமைச்சு 2007இல் ‘கெனாலி உபாட் அண்டா’, அதாவது ‘உங்கள் மருந்தை அறிந்துகொள்ளுங்கள்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வது மருந்தாளர்களின் வழக்கம். பையைக் கவிழ்த்தால் மேசை நிறைகிறது: சீன மருந்துக் கடைத் தைலம், நாட்டு மருந்துச் சூரணம், மகள் வாங்கிவந்த வைட்டமின், போன வருஷத்து மிச்ச மாத்திரை. அதற்குள் அரசு ஆஸ்பத்திரி கொடுத்த மெட்ஃபார்மின் ஓர் அட்டை கிடக்கும். தனியார் கிளினிக் கொடுத்த குளுக்கோபேஜ் இன்னோர் அட்டை. இரண்டும் ஒரே மருந்து. நிறமும் அட்டையும் வேறு என்பதால் வீட்டில் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பார்கள். கிளினிக்கின் ஏடும் ஆஸ்பத்திரியின் ஏடும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. அந்த இரண்டு அட்டைகளும் அருகருகே வருவது அந்தப் பிளாஸ்டிக் பையில்தான். பயிற்சி மருந்தாளர் அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, எந்தக் கிளினிக், எப்போது கொடுத்தார்கள் என்று விசாரிக்கத் தொடங்குவார்.