பிரைபுர்க் ஆய்வுகூடமும் மாமூலக்கூற்றுக் கொள்கையும்

இறப்பர், பருத்தி, பட்டு, மாப்பொருள் ஆகியவற்றை மனிதன் தொன்றுதொட்டுப் பயன்படுத்தி வந்தானாயினும், அவற்றின் மூலக்கூறுகள் எத்தகையன என்னும் வினா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை தீர்வின்றியே கிடந்தது. சிறிய மூலக்கூறுகள் பல, வலுக்குறைந்த விசைகளால் ஒன்றுதிரண்டு நிற்பதனாலேயே இப்பொருள்கள் கூழ்த்தன்மை காட்டுகின்றன என்பது அக்கால இரசாயன அறிஞருட் பெரும்பாலாரின் துணிபு. 1876இல் ஹெனரத்கொடையில் வேரூன்றிய இறப்பர், இலங்கையின் பெருந்தோட்டப் பயிராகி ஏற்றுமதியாகிய காலத்திலும், அதன் மூலக்கூற்றமைப்பை ஐயமற அறிந்தாரிலர்.

இத்துணிபை மறுத்தெழுந்தவர் ஹேர்மன் ஸ்டௌடிங்கர் (1881-1965) ஆவார். சூரிச்சிற் பேராசிரியராயிருந்தபோது, 1920இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், இப்பொருள்கள் வழமையான இரசாயனப் பிணைப்புகளாற் கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலிகளே என வாதிட்டார். வாதத்துக்கு உறுதி தந்தது 1922இல் அவரும் அவர் மாணவர் பிரிட்சியும் செய்த பரிசோதனை. இறப்பரிலுள்ள இரட்டைப் பிணைப்புகளே சிறு மூலக்கூறுகளைத் திரட்டி வைத்திருக்கின்றன எனின், ஐதரசனைச் சேர்த்து அப்பிணைப்புகளை நீக்கியதும் திரள் குலைந்து, எளிதில் வடித்தெடுக்கத்தக்க ஐதரோகாபன் கிடைத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. ஐதரசனேற்றிய இறப்பரும் முன்போலவே கூழ்க்கரைசலையே தந்தது. ‘மாமூலக்கூறு’ என்னும் கருத்துக்குரிய சொல் இக்கட்டுரையிலேயே தோன்றியது.

1926இல் அவர் ஜேர்மனியின் பிரைபுர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கு அவருக்கு முன் அப்பதவியை வகித்த வீலாந்து, பெரு மூலக்கூறு பற்றிய எண்ணத்தைக் கைவிடுமாறு அறிவுறுத்தியதாக ஸ்டௌடிங்கரே பின்னர் எழுதியுள்ளார். அவரோ மாணவர் பலரை ஈடுபடுத்தி, நீளம் படிப்படியாக வேறுபடும் பொலிஸ்தைரீன், பொலிஒட்சிமெதிலீன் சங்கிலிகளைத் தொகுத்து, ஒவ்வொன்றின் இயல்பையும் ஒப்புநோக்கினார். சலிப்பூட்டும் வேலைதான், எனினும் எதிர்ப்பாளரை ஓயச் செய்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. விலையுயர்ந்த அதிவேக மையநீக்கி கிட்டாமையால், கரைசல் மெல்லிய கண்ணாடிக் குழாயினூடாக வழிந்தோடும் நேரத்தை அளந்து, பாகுநிலையிலிருந்து மூலக்கூற்று நிறையைக் கணித்தனர்.

இங்கு ஒன்றை மறைத்தலாகாது. சங்கிலிகள் விறைத்த கோல்கள் போன்றவை என்ற எண்ணத்தை ஸ்டௌடிங்கர் எளிதில் விடவில்லை. அவை வளைந்து சுருளும் இயல்பினவென 1934இல் வேர்ணர் கூன் காட்டினார். பாகுநிலை நிறைக்கு நேர்விகிதசமம் என்ற ஸ்டௌடிங்கரின் விதியும் பின்னர் திருத்தம் பெற்றது. அவரது அளவீட்டு விதியைக் காட்டிலும் ஆய்வுகூடத்தின் இரசாயனச் சான்றுகளே நிலைத்து நின்றன என்பது எமது கருத்து.

1928இல் அவரை மணந்த உயிரியலாளர் மக்டா வொயிட்டும் இவ்வாய்வுகளிற் பங்குகொண்டார். 1940இல் மாமூலக்கூற்று இரசாயனத்துக்கெனத் தனி ஆய்வுப் பிரிவு அமைந்தது; 1944 நவம்பர் 27ஆம் நாள் விமானக் குண்டுவீச்சில் ஆய்வுகூடம் பேரழிவுக்குள்ளாயிற்று. நோபல் பரிசு 1953இல், அவர் ஓய்வுபெற்று ஈராண்டு கழிந்தே கிடைத்தது.

சூரிச்சிலிருந்து அவருடன் வந்த மாணவர் ருடோல்ப் சிக்னரின் வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை. ஓடும் கரைசலின் ஒளிமுறிவைக் கொண்டு நெடுமூலக்கூறுகளை ஆராய்ந்த அவர், 1938இல் டீ.என்.ஏ.யின் மூலக்கூற்று நிறை ஐந்து இலட்சத்துக்கும் பத்து இலட்சத்துக்கும் இடைப்பட்டதெனச் சக ஆய்வாளருடன் அறிவித்தார். பேர்ண் நகரில் அவர் பக்குவமாகப் பிரித்தெடுத்த டீ.என்.ஏ.யை 1950இல் இலண்டனில் ஏனையோருக்கு வழங்கினார். றொசலின்ட் பிராங்கிளினும் கொஸ்லிங்கும் 1952இல் எடுத்த புகழ்பெற்ற எக்ஸ்-கதிர்ப் படம் அம்மாதிரியிலிருந்தே பெறப்பட்டது.