காலால் அமைந்த பெயர்

நண்டும் வண்டும், தேளும் பூரானும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்றால் முதலில் நமக்கு வியப்பாகவே தோன்றும். ஒன்று நீரில் வாழ்வது. மற்றொன்று வானில் பறப்பது. எனினும் விலங்கியலார் இவை யாவற்றையும் 'ஆர்த்ரோபாட்' என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லால் குறிக்கின்றனர். அச்சொல் பிறந்த வரலாற்றைக் காண்போம்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், உடலில் வெட்டுப்பட்டாற்போன்ற பிரிவுகளையுடைய சிற்றுயிர்களை 'என்டோமா' என்றார். வெட்டுண்டவை என்பது அதன் பொருள். அதன் இலத்தீன் பெயர்ப்பே 'இன்செக்ட்' என்னும் சொல்லுக்கு மூலம். 1758இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், நண்டையும் சிலந்தியையுங்கூடப் பூச்சி வகுப்பிலேயே சேர்த்தார். 1817இல் பிரெஞ்சு அறிஞர் குவியே, உடலின் வளையங்களை அடையாளமாகக் கொண்டு, மண்புழுவையும் அட்டையையும் இவற்றோடு ஓரினமாக்கினார். நண்டும் மண்புழுவும் உறவாயின!

இக்குழப்பத்தைத் தீர்த்தது கால். ஜெர்மானிய அறிஞர் ஸீபோல்ட், 1848இல் நிறைவுற்ற தம் நூலில் மண்புழு இனத்தை விலக்கி, மூட்டுடைய கால்கள் கொண்டவற்றை மட்டும் 'ஆர்த்ரோபோடா' எனத் தனிப்பிரிவாக வகுத்தார். கிரேக்கத்தில் 'ஆர்த்ரான்' என்பது மூட்டு. 'போடோஸ்' என்பது காலைக் குறிப்பது. மூட்டழற்சியை மருத்துவர் 'ஆர்த்ரைட்டிஸ்' என்பதும், தம் முக்காலியைப் புகைப்படக்காரர் 'டிரைபாட்' என்பதும் இவ்வேர்களினின்று வந்தவையே.

பெயர் பொருத்தமானதே. உடலைக் கவசம்போல் ஓடு மூடியிருப்பதால், மூட்டின்றி இவ்வுயிர்கள் காலை மடக்க இயலாது. அவ்வோட்டைக் கழற்றினாலன்றி வளரவும் இயலாது. இவை மண்புழுவுக்கன்றி, தோலுரிக்கும் உருளைப்புழுக்களுக்கே நெருங்கிய உறவினவென்று 1997இல் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டிற்று. ஸீபோல்ட் செய்த பிரிவினை அதனால் மேலும் வலிவுற்றது.

இந்தி நூல்கள் இவ்வினத்தைச் 'சந்திபாத்' என்கின்றன. சந்தி என்பது மூட்டு. பாதம் நாம் அறிந்ததே. தமிழில் இதன் பெயர் கணுக்காலி. கரும்பிலும் மூங்கிலிலும் நாம் காணும் கணுவே இங்குக் காலுக்கு அடையாயிற்று.

பிற மாநிலங்களில் பயிலும் நம் குழந்தைகள் ஆங்கிலப் பெயரைப் பொருளறியாது நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுதல் உண்டு. அவர்களுக்கு ஒரு கரும்புத் துண்டின் கணுவையும், நண்டின் காலையும் அருகருகே காட்டி, கணுக்காலி என்று சொல்லிப் பார்ப்போம். கிரேக்கச் சொல்லின் பொருள் அக்கணமே விளங்கும். தாய்மொழிச் சொல் ஒன்றும் அவர்கள் நெஞ்சில் நிலைத்துவிடும்.